ஐம்பத்து நான்கு கலன்

இம்மாலைக் கூட்டத்தின் தலைமைக் கதிரையை அணி செய்யும் மதிப்புக்குரிய ஹிஸ்புல்லா அவர்களே! இந்த வாசிகசாலையைப் பதினொரு ஆண்டுகளாகத் தோளிலே சுமந்து வந்த பெரியோர்களே! அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர்ந்து, வலையை உதறிய கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் கடற்றொழிலாளத் தோழர்களே! கிண்ணியாவிலிருந்து துறை கடந்தும், சல்லியிலிருந்து சைக்கிள் மிதித்தும் வந்திருக்கும் அன்பர்களே! வலப்பக்கத்துப் பாய்களிலே, உலை வைக்க வேண்டிய வேளையையும் ஒதுக்கி வைத்துவிட்டு இருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! முன்வரிசையில் வீற்றிருக்கும் எங்கள் கரையோர மீனவர் சங்கத்தின் தலைவர் பேணாட் அவர்களே! உங்கள் அனைவருக்கும், இருபத்தாறு ஆண்டுகள் கணிதம் கற்பித்த பாக்கியரத்தினத்தின் வணக்கம்.

கணிதத்தின் இயல்பையும் வரலாற்றையும் எளிய தமிழில், எல்லோரும் சிரித்து மகிழும்படி எடுத்துச் சொல்லவேண்டும் என்று விழாக் குழுவினர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். எளிய தமிழில் சொல்கிறேன். வரலாற்றையும் சொல்கிறேன். ஆனால் சிரிக்கவைக்க என்னால் ஏலாது. நான் கோபத்தோடு வந்திருக்கிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மீது. மீதிப் பாதி யார்மீது என்பதை, பொறுமையோடு இருந்தால், நீங்களே கண்டுகொள்வீர்கள்.

இது ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்பதாம் ஆண்டு. மனிதன் சந்திரனிலே கால் வைத்த ஆண்டு! நாமெல்லோரும் இதே வாசிகசாலை வாசலிலே வானொலியைச் சுற்றி நின்று கேட்டோமே, மறந்துவிட்டீர்களா? இரண்டரை லட்சம் மைல் தூரத்துக்கு வழி காட்டியது எது? கணிதம். போன கலம் பிசகாமல் திரும்பி வரச் செய்தது எது? கணிதம். அந்தக் கணிதம், நமது கரையிலே பதின்மூன்று அடி நீளத்தில் படுத்துக்கிடக்கும் ஒரு டீசல் தாங்கிக்கு மட்டும் வழி தெரியாமல் திகைத்து நின்றது ஏன்? கேட்கிறேன், ஏன்?

முதலில் வரலாறு.

கணிதம் மாளிகையிலே பிறக்கவில்லை. சேற்றிலே பிறந்தது. நைல் நதி பெருகி வயல் வரம்பையெல்லாம் அடித்துக்கொண்டு போனபோது, கயிறு பிடித்து நிலம் அளந்தவன் கையிலே பிறந்தது. பாபிலோனிலே ஈரக் களிமண்ணில் கீறிக் கீறிப் பெருக்கல் வாய்பாடு எழுதினார்கள். அந்த மண் ஓடுகள் இன்றைக்கும் உடையாமல் இருக்கின்றன. எப்படி அளப்பது, எப்படிப் பங்கிடுவது, எப்படிக் கட்டுவது என்று அவர்கள் கண்டார்கள். பின்னாலே வந்த கிரேக்க தேசத்தார் ஒரு கேள்வியைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டார்கள். ஏன்? இது எப்போதும் உண்மையா? உண்மையென்றால் காட்டு. அரசன் சொன்னான் என்று சொல்லாதே, ஆசான் சொன்னான் என்று சொல்லாதே. காட்டு!

சபையோரே, கணிதத்தின் இயல்பு என்று நீங்கள் கேட்டீர்களே, அது இந்த ஒரு சொல்லிலே இருக்கிறது. காட்டு. கணிதத்திலே பெரிய துரை கிடையாது. கணிதத்திலே முன்வரிசை கிடையாது. காட்டுகிறவன் கந்தல் கட்டியிருந்தாலும், காட்டியது சரியென்றால் சரி. மறுக்கிறவன் மகுடம் வைத்திருந்தாலும், மறுத்தது பிழையென்றால் பிழை.

பாரத தேசத்திலே ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், இருபத்துமூன்று வயது வானியல் அறிஞர் ஒருவர், வட்டத்தின் விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதத்தை நான்கு தசமதானம் வரை சரியாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? இது உண்மையை அண்மியது மாத்திரமே என்றும் சேர்த்துச் சொன்னார். அவ்வளவு நுட்பமாகக் கண்டவருக்கு அவ்வளவு பணிவு! நமக்கோ, கண்டது கைப்பிடியளவு, அதற்குக் கர்வம் கப்பலளவு.

பக்தாதிலே பேரறிஞர்கள் கூடி வளர்த்த ஒரு கலைக்கு அல்-ஜபர் என்று பெயர். அல்ஜிப்ரா, அல்ஜிப்ரா என்று பிள்ளைகள் பயப்படுகிறார்களே, அதுதான். அந்த அரபுச் சொல்லுக்கு என்ன பொருள்? முறிந்ததைப் பொருத்துதல். எலும்பு முறிந்தவனுக்குக் கட்டுப்போட்டுப் பொருத்துகிற வைத்தியனுக்கும் ஸ்பானிய நாட்டிலே அதே சொல் வழங்கியது. ஓம், அரபு ஓதிய கிண்ணியா நண்பர்கள் தலையசைக்கிறீர்கள். உங்களுக்கு இது புதிதல்ல.

இன்னொரு கதை. முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஜெர்மன் தேசத்து வானியல் அறிஞர் ஒருவருக்கு இரண்டாம் கலியாணம். பின்னால் யாரோ சிரிக்கிறீர்கள். கலியாணத்தில் அல்ல ஐயா சங்கதி, கலியாண வீட்டுக்கு வந்த மதுப் பீப்பாயில்தான் சங்கதி. வியாபாரி வந்தான். பீப்பாயின் துளையிலே ஒரு கோலை நுழைத்தான். நனைந்த அளவைப் பார்த்தான். இவ்வளவு மது என்றான். மாப்பிள்ளைக்கு மனம் பொறுக்கவில்லை. நெட்டைப் பீப்பாய்க்கும் குட்டைப் பீப்பாய்க்கும் ஒரே கோலா? வளைந்த வயிற்றை நேர்க்கோல் எப்படி அளக்கும்? கேட்டார். கேட்டதோடு நில்லாமல் உட்கார்ந்து ஆராய்ந்தார். பிற்காலத்திலே வளைந்த பொருள்களின் கனவளவைக் காணும் பெருங்கணிதத்துக்கு அந்த ஆராய்ச்சியும் ஒரு படியானது.

அவர் கேட்டார். பாக்கியரத்தினம் கேட்கவில்லை. இங்கேதான், சபையோரே, நமது கதை தொடங்குகிறது.

சென்ற தைமாதம் நமது சங்கத்துக்கு, இங்கிலீசிலே கேலன் என்பார்களே, அந்தக் கலன் ஆயிரம் கொள்ளும் ஒரு டீசல் தாங்கி வந்தது. உருளை வடிவம். சீமெந்துக் கட்டின்மேல் படுக்கவைத்தோம். நான்கடி உயரம். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கோல் வேண்டும். நான்கடிக் கோலிலே இருபது சம கீறுகள் கீறுவித்தார்கள். ஒரு கீறுக்கு ஐம்பது கலன். தலைவர் பேணாட் அவர்கள் அந்தக் கோலை என்னிடம் நீட்டினார்.

"எல்லாம் ஒரே அளவாத்தான் கீறியிருக்கு. சரிதானே மாஸ்டர்?"

நான் சொன்னேன்: "சரி."

ஒரு சொல்! வட்டத்தைப் பற்றி இருபத்தாறு ஆண்டுகள் தொண்டை வறளக் கத்திய வாத்தியார், வட்டமான தாங்கியின் முன்னால் நின்று, யோசிக்காமல் சொன்ன ஒரு சொல்!

தாங்கியைப் பார்த்துக்கொள்ளக் குறிஞ்சாக்கேணி ஜெமீலை வைத்தோம். அவரை அறியாதவர் இங்கே உண்டா? அதிகம் பேசமாட்டார். முத்திரை குத்திய குவளையால் அளந்து ஊற்றுவார்; கடைசிச் சொட்டு விழும்வரை குவளையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். "காணும் ஜெமீல், போட் போகவேணும்" என்று நீங்களே அவசரப்படுத்தியிருக்கிறீர்கள்.

வைகாசியிலே ஒருநாள், எண்ணெய் கொண்டுவரும் பவுசர் லொறி வந்து தாங்கி முட்ட நிரம்பிச் சில நாட்களின் பின், செயற்குழு சோதனைக்குப் போனது. நானும் போனேன். ஜெமீல் படகுகளுக்குக் கொடுத்திருந்தது நூற்றுத் தொண்ணூற்றாறு கலன். ஆளாளுக்கு ஒப்பம் வைத்திருந்தீர்கள். ஆகவே உள்ளே எண்ணூற்று நான்கு கலன் இருக்கவேண்டும். கோலை விட்டோம். கோல் காட்டியது எழுநூற்றைம்பது. ஐம்பத்து நான்கு கலன் குறைவு!

ஜெமீலின் முகம் எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. "இன்னொருக்கா விட்டுப் பாருங்க" என்றார். விட்டோம். அதே எழுநூற்றைம்பது. "நான் எடுக்கல்ல. அல்லாஹ் அறிய நான் எடுக்கல்ல" என்றார். பேணாட் அவர்கள் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், கணக்கில பிழை இருக்கோ?"

நான் காகிதத்திலே கழித்துப் பார்த்தேன். எண்ணூற்று நான்கில் எழுநூற்றைம்பது போனால் ஐம்பத்து நான்கு. இரண்டு தரம் பார்த்தேன். "கணக்குச் சரி" என்றேன். கீழே ஒப்பமும் வைத்தேன்.

கழித்தல் சரி, சபையோரே! கழித்தல் சரி! ஆனால் அந்தக் கோல் சொன்னது பொய். பொய்யை ஒருபக்கம் வைத்துச் சரியாகக் கழித்தால் உண்மை வருமா? அச்சமில்லாமல், ஐயமில்லாமல், அழகான கையெழுத்திலே ஓர் அப்பாவியைக் கள்ளனாக்கினேன் நான்.

அன்றைக்கே அவரிடமிருந்து தாங்கிப் பூட்டின் திறப்பைப் பறித்தோம். ஜெமீல் எண்ணெய் களவெடுத்ததால் நீக்கப்பட்டார் என்று எழுதி, சங்கக் கட்டடத்தின் கதவிலே ஒட்டினோம். அடுத்த பவுசரில் தாங்கியை மறுபடி நிரப்பினோம். நிரப்பும்போது எத்தனை கலன் பிடித்தது என்று ஒருவராவது பார்த்திருந்தால் உண்மை அப்போதே வெளிச்சத்துக்கு வந்திருக்கும். பார்த்தோமா? இல்லை. கள்ளனைத்தான் பிடித்துவிட்டோமே, இனி எதற்குப் பார்ப்பது!

நாலைந்து நாள் போனது. ஜெமீலின் மனைவி றுக்கியா என் வீட்டுக்கு வந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கையிலே, பால்மா அடைத்து வரும் உருளைத் தகர ரின் ஒன்று. இன்னொரு கையிலே ஓர் ஈர்க்கு.

"சேர், எங்கட மனிசன் மூணு நாளாச் சோறு தின்னல்ல. நான் யோசிச்சுப் பார்த்தனான். இந்த ரின்னுக்கு மூடிய மெழுகு வெச்சு அடைச்சு, தாங்கி மாதிரியே படுக்க வெச்சு, மேல ஒரு ஓட்டை போட்டன். ஒரே கோப்பையால பன்னிரண்டு தரம் தண்ணி ஊத்தினன். ஒவ்வொரு கோப்பைக்கும் ஈர்க்கை விட்டு, நனைஞ்ச இடத்துல நகத்தால கீறினன். பாருங்க சேர். கீழ கீறு எட்ட எட்ட இருக்கு. நடுவுல கிட்டக் கிட்ட இருக்கு. மேல போகத் திரும்ப எட்ட எட்ட. ஊத்தினது ஒரே கோப்பைதானே? அப்ப இது ஏன் ஒரே மாதிரி வரல்ல? உங்கட கோல்ல மட்டும் எப்படி ஒரே மாதிரி இருக்கு?"

தாய்மார்களே! நைல் நதிக்கரையிலே கேட்ட கேள்வி! கிரேக்க தேசத்திலே கேட்ட கேள்வி! கலியாண வீட்டுப் பீப்பாயின் முன்னால் நின்று அந்த மேதை கேட்ட கேள்வி! அது குறிஞ்சாக்கேணியிலிருந்து நடந்து, என் வாசற்படிக்கு வந்து நின்றது. கணித ஆசிரியன் என்ன செய்தான்? அந்த ஈர்க்கை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"பிள்ளை, கழித்தலை நான் ரெண்டு தரம் பார்த்தனான். இது உமக்கு விளங்காது. வீட்ட போம்" என்றேன்.

போய்விட்டார். ஜெமீலும் ஊரிலே தலைகாட்ட முடியாமல் கந்தளாயிலே ஓர் அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார். ஊர் அவருக்கு டீசல் ஜெமீல் என்று பட்டம் சூட்டியது. சிரித்தீர்கள். நானும் பக்கத்திலே நின்றேன்.

பிறகு என்ன நடந்தது? ஜெமீலின் இடத்துக்கு மைக்கல் வந்தார். அதோ, தூணோடு சாய்ந்து நிற்கிறார். ஆடியிலே மறுபடி சோதனை. கடைசியாகத் தாங்கி நிரம்பியபின் மைக்கல் எண்ணூற்று நான்கு கலன் கொடுத்திருந்தார். மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றாறு இருக்கவேண்டும். கோல் காட்டியது இருநூற்றைம்பது! ஐம்பத்து நான்கு கலன் கூட!

பேணாட் அவர்கள் பூரித்துப் போனார். "பார்த்தீங்களே மாஸ்டர், நல்லவன்ர கையில பொருள் பெருகும்!" பொதுக்கூட்டத்திலே மைக்கலுக்கு மாலை போட்டோம். மாலையோடு நின்ற மைக்கல் என் காதோடு சொன்னார்: "சேர், நான் ஒண்டும் செய்யேல்லை. இந்த எண்ணெய் எங்கால வந்தது?"

எங்கால வந்தது? டீசல் குட்டி போடுமா? ஜெமீலிடம் ஐம்பத்து நான்கு குறைவு, மைக்கலிடம் ஐம்பத்து நான்கு கூட. அதே ஐம்பத்து நான்கு! வீட்டுக்கு ஓடினேன். குசினியிலே ஒரு ரின்னைத் தேடி எடுத்தேன். படுக்கவைத்தேன். ஊற்றினேன். ஊற்ற ஊற்ற, றுக்கியா சொன்னபடியே கீறுகள் விழுந்தன.

கேளுங்கள். படுத்திருக்கும் உருளைக்கு அடியும் முடியும் ஒடுக்கம், வயிறு அகலம். ஆகவே அடியிலே ஒரு சாண் எண்ணெய் என்றால் கொஞ்சம். வயிற்றிலே ஒரு சாண் என்றால் நிறைய. உச்சியிலே ஒரு சாண் மறுபடி கொஞ்சம். மேல் கால்வாசி உயரத்திலே இருநூற்றைம்பது கலன் இல்லை. நூற்றுத் தொண்ணூற்றாறுதான் இருக்கிறது. ஜெமீல் அதைத்தான் கொடுத்தார். கோலோ இருநூற்றைம்பது போய்விட்டதென்று கூவியது. அடிக் கால்வாசியிலும் அதே நூற்றுத் தொண்ணூற்றாறுதான். மைக்கலிடம் மிஞ்சியது அதுதான். கோலோ இருநூற்றைம்பது என்று கொண்டாடியது. ஒருவர் எடுக்கவுமில்லை, மற்றவர் பெருக்கவுமில்லை. ஒரு கோல் ஒரு மனிதனைக் கள்ளனாக்கியது. அதே கோல் இன்னொரு மனிதனுக்கு மாலை போட்டது. அந்தக் கோலுக்குச் சரி சொன்னவன் நான்!

அடுத்தநாளே சங்கத் தலைவரிடம் போனேன். கணக்கைக் காட்டினேன். அவர் மறுக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கிழமைக்குள் புதுக் கோல் வந்தது. நடுவிலே நெருங்கி, இரண்டு அந்தங்களிலும் விலகிய கீறுகள். றுக்கியாவின் ஈர்க்கிலே இருந்த அதே கீறுகள். கோலைத் திருத்தினோம், சபையோரே! மனிதனைத் திருப்பி அழைத்தோமா? கதவிலே ஒட்டியதைக் கிழித்தோமா? "வாபஸ் வாங்கினா சங்கத்துக்குத்தான் மானக்கேடு மாஸ்டர். சத்தமில்லாம விடுங்கோ" என்றார் தலைவர். சங்கத்துக்கு மானமுண்டு. ஜெமீலுக்கு மானமில்லையா? மரக்கோலுக்குக் கிடைத்த நீதி மனிதனுக்குக் கிடையாதா?

மூன்று மாதம் பொறுத்தேன். மூன்று கடிதம் எழுதினேன். பதிலில்லை. ஆகவேதான், தலைவர் ஹிஸ்புல்லா அவர்களே, உங்கள் விழா மேடையை நான் பிடித்துக்கொண்டேன். இதோ இந்த மேசையிலே ஒரு ரின் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. கோப்பை இருக்கிறது. ஐயப்படுகிறவர் எவரும் வரலாம். றுக்கியா, நீர் வந்திருக்கிறீர். அன்றைக்கு உம்முடைய ஈர்க்கை வாங்கிப் பார்க்காமல் அனுப்பியவன், இன்றைக்கு இத்தனை பேர் முன்னால் கைகூப்பிக் கேட்கிறேன். மேடைக்கு வந்து இவர்களுக்குக் காட்டும்.

என்னம்மா? ஒலிபெருக்கி இல்லாதபடியால் பின்னாலே கேட்கவில்லை. அவர் சொன்னதை நான் சொல்கிறேன். "நான் ஒருக்காக் காட்டிட்டன் சேர். இனி அவங்க ஊத்திப் பார்க்கட்டும்" என்கிறார்.

கைதட்டாதீர்கள். தட்டுவதற்கு நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

பேணாட் அவர்களே, இனி உங்கள் முறை. என்ன, செயற்குழு கூடிக் கதைக்கவேண்டுமா? வட்டத்தின் பரப்பைத் தீர்மானிக்க வாக்கெடுப்பா வைக்கப்போகிறீர்கள்? கையுயர்த்தியா காணப்போகிறீர்கள்?

பொறுங்கள். மைக்கல் ஏதோ சொல்கிறார். உரக்கச் சொல்லுங்கள் மைக்கல். "தாங்கித் திறப்பு இந்தா. இது ஜெமீல்ர வேலை. அந்தாள் வரும்வரைக்கும் நான் தாங்கியைத் திறக்கமாட்டன்." கேட்டீர்களா? திறப்பு முன்வரிசைக்கு வருகிறது. கைமாறிக் கைமாறி வருகிறது. பேணாட் அவர்களின் மடியிலே வைத்துவிட்டார்கள். நாளைக்கு எந்தப் படகு டீசல் இல்லாமல் கடலுக்குப் போகும் என்று யோசியுங்கள் தோழர்களே. சத்தம் போடவேண்டாம். பேணாட் அவர்கள் எழுந்துவிட்டார். பேசவிடுங்கள்.

நன்றி ஐயா. கதவிலே ஒட்டியதை வாபஸ் வாங்குகிறேன் என்கிறார். மெல்லத்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார். அதற்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் போதாது! பழி கதவிலே ஒட்டப்பட்டது. பரிகாரம் பையிலே மடித்துக் கொடுக்கப்படலாகாது. வருகிற சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, படகுகள் கரை தட்டும் நேரத்தில், துறையிலே எல்லோர் காதும் கேட்க அது வாசிக்கப்படவேண்டும். முதல் ஒப்பம் என்னுடையது. "ஜெமீல் களவெடுக்கவில்லை, கணக்குப் பார்த்தவன் பிழைவிட்டான்" என்று என் பெயரோடு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இதோ. இரண்டாவது ஒப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். ஒருவர் பேனாவைக் கொடுங்கள். ஆம், அந்த இடத்தில்தான் ஐயா.

ஒப்பமிட்டுவிட்டார்.

என்னைப் பேசவிட்ட தலைவர் ஹிஸ்புல்லா அவர்களுக்கும், பொறுத்துக் கேட்ட தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும், திறப்பைத் தந்த மைக்கலுக்கும், எனக்குக் கணிதம் கற்பித்த றுக்கியாவுக்கும் என் நன்றி. நாளைக் காலை முதல் பஸ்ஸிலே கந்தளாய்க்குப் போகிறேன். ஜெமீல் என்னோடு வருவாரோ, வரமாட்டாரோ, எனக்குத் தெரியாது. வராவிட்டால் அந்த ஆலை வாசலிலே நின்று அவருக்கு இதை வாசிப்பேன். நீங்கள் சனிக்கிழமை துறைக்கு வந்துவிடுங்கள். வணக்கம்.